ஒட்டாருவில் அன்ரி

அன்ரியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படம் நான் எடுத்தது. அதில் அவர் ஒரு பூந்தோட்டத்துக்கு முன்னால் நிற்கிறார். மேலே நீல வானம், பக்கத்தில் ஓர் அருவி. அப்படியொரு இடத்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. நான் படம் எடுத்தபோது அவருக்குப் பின்னால் இருந்தது ஜப்பானின் வடக்கே ஒட்டாரு என்ற ஊரின் துறைமுகம். சாம்பல் நிறக் கடல், ஒரு வெள்ளைப் பயணிகள் கப்பல், துருப்பிடித்த சங்கிலிகள், ஓரமாக ஒதுக்கிக் குவித்த பனி. வலது கையில் பாதி தின்ற ஐஸ்கிரீம். மலர் அச்சிட்டவர்கள் கையை வெட்டிவிட்டார்கள். சிவப்புக் கோட்டை மங்கலான ஊதாவாக்கிவிட்டார்கள். முகத்தை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகன்தான் என்னிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "அந்த யப்பான் கதை மட்டும் வேண்டாம் தங்கச்சி. வயசானாக்கள் வாசிக்கிற புத்தகம்" என்றார். துக்கத்தில் இருப்பவரோடு வாதாடக் கூடாது என்று வேறு எதையோ எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததும் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அமைதி, பொறுமை, தியாகம். அதெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவுதான் அவர் என்றால் அது பெரிய பொய். ஆகவே வேண்டாம் என்று சொல்லப்பட்ட கதையை இங்கே எழுதுகிறேன்.

நான் ஈரோட்டுக்காரி. மொன்றியலுக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில் செயின்ட்-மிஷேலில் அவர் வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தேன். படிப்பு முடிந்து மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டேன். நான் எங்கள் ஊர்ப்படி 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டபோது, "அதென்ன ஆன்ட்டி? அன்ரி எண்டு சொல்லும் பிள்ளை" என்று முதல் நாளே திருத்தினார். கடைசிவரை என் வாயில் அது வரவில்லை. எழுதும்போதாவது அவர் சொன்னபடி எழுதுகிறேன். அவர் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். நடுத்தளத்தில் அவரும் கணவரும் இருந்தார்கள். மேல் மாடியில் ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு நர்ஸும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும். அன்ரியின் பிரெஞ்சு, தையல் ஆலையில் வேலை பார்த்தபோது காதால் கற்றது. நர்ஸும் அவரும் வெளியே இரும்புப் படியில் நின்று பேசும்போது பாதி பிரெஞ்சும் பாதி கையுமாகப் போகும். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போனதாக எனக்கு நினைவில்லை.

கணவர், நான் அங்கிள் என்று கூப்பிட்டவர், மொன்றியல் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு பல வருடங்கள் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமாக இருந்தார். நான் குடிவந்தபோதே அப்படித்தான். காலையில் தலைக்கு மேலே தரை அதிரும். அன்ரி அவரைத் தூக்கி உட்காரவைக்கிறார் என்று அர்த்தம். குட்டையான பெண்மணிதான், ஆனால் அவருடைய தோள்கள் மூட்டை தூக்குபவரின் தோள்கள் போல இறுகியிருந்தன. ஓர் இலையுதிர்காலத்தில் அங்கிள் இறந்தார். வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், செபமாலை சொன்னார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அதன் பிறகு காலையில் தரை அதிரவில்லை. அந்த அமைதிக்குப் பழக எனக்கே நாளானது.

அன்ரி பயணமே போகாதவர் அல்ல. லண்டனுக்குத் தம்பி மகளின் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பாரிஸுக்கு மச்சாளின் செத்தவீட்டுக்கு. டொரண்டோவுக்குச் சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், வீடு குடிபுகுதல் என்று கணக்கில்லாமல். போன இடமெல்லாம் உறவுக்காரர் வீடு. போகும்போது ஒரு பெட்டி நிறையப் பிறருக்கான சாமான். லண்டனில் என்ன பார்த்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "குசினியைப் பாத்தனான்" என்றார். சமையலறையைத்தான் சொன்னார், சிரிக்காமல்.

அங்கிள் போன பிறகு வந்த குளிர்காலத்தில் என் கம்பெனி என்னை ஒரு வார வேலைக்கு சப்போரோ நகரத்துக்கு அனுப்புவதாக இருந்தது. வடக்கு ஜப்பானின் பெரிய நகரம், அங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் ஒட்டாரு என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறதாம், சனிக்கிழமை ஒரு நாள் லீவு, சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று அன்ரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அந்த ஹோட்டல் அறையில எத்தினை கட்டில்?"

"ரெண்டு இருக்கும் ஆன்ட்டி."

"அப்ப நானும் வாறன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

மகன் நகரத்தின் மேற்குக் கோடியில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பெரிய வீட்டில் இருந்தார். செய்தி கேட்டதும் அன்று மாலையே காரில் வந்துவிட்டார். அப்பாவின் ஆண்டுத் திருப்பலிகூட இன்னும் முடியவில்லை, அதற்குள் உல்லாசப் பயணமா என்பது அவர் கேள்வி. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அழுகிற குரலில் கேட்டார். கொஞ்ச நாளாக அவர் வேறொன்றும் சொல்லிவந்தார்: செயின்ட்-மிஷேல் வீட்டை விற்றுவிட்டு அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்று. அன்ரி அதற்கு ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. இந்தப் பயணத்துக்கு மட்டும் ஒரே பதில்: "நான் போறன் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு பெண் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார், "பனி பாக்கிறதுக்கு யப்பானுக்கு ஏன் போகோணும்? இஞ்ச வாசல்ல கிடக்குதே!" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். "இஞ்சத்தப் பனியை நான்தான் அள்ளோணும். அங்கத்தப் பனியை ஆரோ அள்ளுவினம். நான் பாத்துக்கொண்டு நிண்டால் போதும்." அடுத்த வாரம் போய் அந்தச் சிவப்புக் கோட்டை வாங்கி வந்தார். கறுப்புக் கோட்டு இருக்கிறதே என்று மகன் சொன்னபோது, "இருக்கு" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

சப்போரோவில் நான் வேலைக்குப் போன நாட்களில் அவர் தனியாகத் திரிந்தார். தாய்மொழி தவிர எதையும் ஒழுங்காகப் பேசத் தெரியாதவரை விட்டுப் போகிறோமே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. மாலையில் நான் திரும்பும்போது, நிலத்துக்கு அடியில் கடைத்தெரு இருக்கிறது, அதில் குளிரே தெரியாமல் எவ்வளவு தூரமும் நடக்கலாம், எந்தத் தானியங்கிப் பெட்டியில் சூடான தேநீர் வரும் என்றெல்லாம் எனக்குச் சொன்னார். உறைந்த நடைபாதையில் தெற்கிலிருந்து வந்த ஜப்பானியப் பயணிகளே வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். அன்ரி மொன்றியல் நடையில், பாதத்தை முழுதாகப் பதித்து, கையை விரித்து, அவர்களுக்கு நடுவே நிதானமாகப் போவார். விழுந்த ஒரு பையனைக் கையைப் பிடித்துத் தூக்கியும் விட்டார்.

சனிக்கிழமை காலை முதலில் மணிக்கூண்டு பார்க்கப் போனோம். சப்போரோவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடம். வெள்ளை மரத்தில் கட்டிய சின்ன வீடு, உச்சியில் கடிகாரம், சுற்றிலும் அதை விழுங்குவது போல அலுவலகக் கட்டடங்கள். இவ்வளவுதானா என்று பலரும் ஏமாந்து போகிற இடமும் அதுதான். அங்கே நின்றிருந்தபோதுதான் என் கைப்பேசியில் நர்ஸின் செய்தி வந்தது. மொன்றியலில் அப்போது வெள்ளிக்கிழமை மாலை. பிரெஞ்சில் எழுதியிருந்தாள். மடாமின் மகன் வந்திருக்கிறார், கூட இரண்டு பேர், அறை அறையாக அளக்கிறார்கள், அலமாரிகளைத் திறந்து பார்க்கிறார்கள், என் வீட்டையும் அளக்க வேண்டுமாம். கடைசி வரி: நாங்கள் போக வேண்டியிருக்குமா?

நான் அதை அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். அடுத்துக் கீழ்த்தளத்தையும் அளப்பார்கள் என்று தோன்றியது. அது என் வீடும்தான். அன்ரி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது, குளிரால் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹோட்டலுக்குத் திரும்பிடலாம் ஆன்ட்டி. உட்கார்ந்து ஃபோன் பண்ணிப் பேசுவோம். வேணும்னா நாளைக்கு இல்லாம இன்னைக்கே ஃப்ளைட் கிடைக்குதான்னு பார்க்கிறேன்."

"ஏன்?"

"வீட்டை அளக்கிறாங்களே!"

"அளக்கட்டும். அளந்தால் வீடு குறையாது" என்றார். பிறகு கைப்பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டார். "எத்தினை மணிக்கு ரயில்?" நர்ஸுக்கு மட்டும் உடனே பதில் எழுதச் சொன்னார். நீ எங்கும் போகத் தேவையில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடு என்று. நான் எழுதி அனுப்பும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார்.

ஒட்டாருவுக்குப் போகும் ரயில் பாதி வழிக்கு மேல் கடலை ஒட்டிப் போகிறது. தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சில பாறைகள் மட்டும். அலை வந்து மோதுகிற கல்வரைக்கும் பனி மூடியிருக்கிறது. அன்ரி ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடற்கரைக்காரர், கணவனை இழந்தவர், இப்போது வீடும் போகப்போகிறது, இந்த நேரத்தில் அவர் மனதில் மன்னார்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, "உங்க ஊர்க் கடல் ஞாபகம் வருதா ஆன்ட்டி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் எரிச்சல் இருந்தது. "எந்தக் கடலைப் பாத்தாலும் ஊர்க் கடல் ஞாபகம் வரோணும் எண்டு சட்டமோ? இது வேற கடல் பிள்ளை. நிறம் வேற, சத்தம் வேற. இதைப் பாக்கத்தான் வந்தனான். பாக்க விடும்."

நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒட்டாருவில் எல்லாப் பயணிகளையும் போலக் கால்வாய் ஓரமாக நடந்தோம். கல்லால் கட்டிய பழைய கிடங்குகள், கூரை விளிம்பில் என் உயரத்துக்குத் தொங்கும் பனிக்கூர்கள், தண்ணீருக்குள் தலைகீழாக அதே கிடங்குகள். ஒரு சின்னக் கடையில் மதியச் சாப்பாடு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த பிளாஸ்டிக் மாதிரிச் சாப்பாட்டில் தனக்கு வேண்டியதை அன்ரியே விரலால் காட்டினார்: சோற்றின் மேல் நண்டும், மஞ்சளாகக் குழைந்த ஏதோ ஒன்றும். அது கடல் முள்ளெலியின் சினை என்று சொன்னேன். சொன்ன பிறகும் சாப்பிட்டார். "உப்பு காணும்" என்று, அதாவது போதும் என்று, தீர்ப்புச் சொன்னார். அப்போது அவர் கைப்பேசி அடித்தது. மகன். அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். பிறகு என் கைப்பேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"அம்மா ஏன் ஃபோன் எடுக்கேல்லை? ஏதும் சுகமில்லையோ?" குரலில் உண்மையான பயம் இருந்தது. மொன்றியலில் எல்லோரும் படுக்கப் போகும் நேரம். நான் அன்ரியைப் பார்த்தேன்.

"நான் சாப்பிடுறன் எண்டு சொல்லும்" என்றார். "முடிஞ்ச பிறகு எடுக்கிறன் எண்டும் சொல்லும்."

சொன்னேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். வெளியே வந்து, குளிரில் ஊரே சுருண்டு நடக்கும்போது, ஒரு தள்ளுகடை முன் நின்று ஐஸ்கிரீம் வாங்கினார். பிறகு எனக்கு முன்னால் நடந்தார். பயணிகள் கால்வாயோடு திரும்பிவிடுவார்கள்; அன்ரி சாலையைத் தாண்டி, மீன் பெட்டிகள் அடுக்கிய கொட்டகைகளைத் தாண்டி, உண்மையான துறைமுகத்துக்கே போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. தண்ணீரின் விளிம்பு வரைக்கும் போக முடிந்தது. அங்கே அந்த வெள்ளைக் கப்பல் நின்றது. அங்கிள் அத்தனை வருடம் லாரி ஓட்டிய மொன்றியல் துறைமுகத்தை அன்ரி கம்பி வேலிக்கு வெளியே காரில் இருந்தபடிதான் பார்த்திருக்கிறார். "இவ்வளவு கிட்டத்தில கப்பல் நான் பாத்ததில்லை" என்றார். அதன் பிறகுதான் மகனைக் கூப்பிட்டார். காற்றில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார். அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"அம்மா, எங்க நிக்கிறீங்கள்?"

"துறைமுகத்தில. கப்பல் ஒண்டு நிக்குது. நல்ல வடிவு."

"பகிடி விடாதேங்கோ அம்மா. நான் உங்கட நன்மைக்குத்தான் செய்யிறன். அந்த இரும்புப் படியில விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது? எங்கட வீட்டில ரெண்டு அறை சும்மா கிடக்குது."

"என்ர அலுமாரியை ஏன் திறந்தவை?"

"சும்மா விலை மதிக்கத்தான். அது பிழைதான், சொல்லிப்போட்டுச் செய்திருக்கோணும். ஆனால் நீங்கள் செய்யிறது சரியோ அம்மா? அப்பாவின்ர ஆண்டு முடியேல்லை. சிவப்புக் கோட்டோட ஊர் சுத்துறீங்கள். கோயில்ல சனம் என்ன கதைக்குது எண்டு தெரியுமோ?"

அன்ரி கடலைப் பார்த்தபடி பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, கேள். உன்ர அப்பாவுக்காக அழவேண்டியதை அவர் உயிரோட இருக்கேக்கையே நான் அழுது முடிச்சிட்டன். ஒவ்வொரு நாளும் காலமை அவரைத் தூக்கி இருத்தேக்க அழுதனான். நீ அந்த நேரம் வேலைக்குப் போயிருப்பாய், உனக்குத் தெரியாது. இப்ப எனக்கு அழுகை வரேல்லை. வராத அழுகையைச் சனத்துக்காக நான் வரப்பண்ண மாட்டன். வீடு என்ர. விக்க மாட்டன். மேல இருக்கிற பிள்ளையும் போகாது, கீழ இருக்கிற பிள்ளையும் போகாது. வீட்டுத் திறப்பை மேல இருக்கிறவவிட்ட குடுத்திட்டுப் போய்ப் படு."

"அப்ப இனி எனக்கு ஃபோன் எடுக்காதேங்கோ. என்ன நடந்தாலும் எடுக்காதேங்கோ."

"சரி."

அவர் கைப்பேசியைப் பைக்குள் வைக்க முயன்றார். வாய் திறந்திருந்த பைக்குள் இரண்டு முறை வைக்க முடியவில்லை. அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி வைத்தேன். இன்னொரு கையில் ஐஸ்கிரீம் அப்படியே இருந்தது. அந்தக் குளிரில் அது உருகவே இல்லை. அதை ஒரு வாய் தின்றார். தாடையை உயர்த்தினார்.

"பிள்ளை, கப்பல் தெரியிற மாதிரி ஒரு படம் எடும்."

எடுத்தேன். சிரிக்கச் சொல்லவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து அமைதி என்று எழுதுகிறவர்களுக்கு நான் என்ன சொல்வது?

நாள் அங்கே முடிந்துவிடவில்லை, முடிக்க அவர் விடவும் இல்லை. இசைப் பெட்டிகள் விற்கும் கடையைப் பார்க்க வேண்டும் என்றார், பார்த்தோம். கண்ணாடிப் பொருட்கள் செய்யும் கடைக்குப் போனோம். தண்ணீர் குடிக்கிற நீலக் குவளைகள் இரண்டிரண்டாக வைத்திருந்தார்கள். கடைப் பெண் இரண்டா என்று விரலால் கேட்டாள். அன்ரி ஒரு விரலைக் காட்டினார். அவள் மீண்டும் இரண்டு விரல் காட்ட, அவர் மீண்டும் ஒன்று காட்டினார். யாருக்கும் எதுவும் வாங்காமல் அவர் திரும்பிய முதல் பயணம் அது. மாலை ரயிலில் இருட்டிக்கொண்டு வந்தபோது, கடல் தெரியாமல் ஜன்னலில் எங்கள் முகம் மட்டும் தெரிந்தபோது, அவர் அழுதார். சத்தமில்லாமல், துடைக்காமல். எதற்கு என்று நான் கேட்கவில்லை. காலையில் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். சப்போரோ வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார்.

மொன்றியலில் இறங்கிய மறுநாளே பூட்டுகளை மாற்றினார். அடுத்த ஞாயிறு அதே சிவப்புக் கோட்டோடு பூசைக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தார். மகன் வரவில்லை. கைப்பேசியும் அடிக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் படங்களை அவர் மற்றவர்களின் கைப்பேசியில் பார்த்தார். அது அவருக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் நானும் மலர்க்காரர்களைப் போலப் பொய் சொல்கிறவளாவேன். வலித்தது. ஆனாலும் அவர் கூப்பிடவில்லை. எடுக்காதே என்று சொன்னவன் எடுக்கட்டும் என்றிருந்தார்.

பிறகு அவர் இன்னும் இரண்டு பயணம் போனார், தனியாகவே, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர்களுக்கு. சென்ற குளிர்காலத்தில் அந்த வீட்டிலேயே, தன் கட்டிலில் இறந்தார். நர்ஸின் குடும்பம் இன்னும் மேலேதான் இருக்கிறது. நான் வேறு வேலைக்காக வேறு ஊருக்கு வந்துவிட்டேன். ஆனால் எனக்கு இதை இறப்போடு முடிக்க விருப்பமில்லை. பனி உருகிய ஒரு மதியத்தோடு முடிக்கிறேன்.

ஒட்டாரு போய் வந்த வசந்தத்தில் மேல் மாடிக் கூரை ஒழுகியது. சண்டையைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்த நர்ஸ், பழைய பழக்கத்தில் மகனுக்கே ஃபோன் செய்துவிட்டாள். அவர் ஏணியோடு வந்தார். அம்மாவிடம் எதுவும் பேசாமல் கூரைக்கு ஏறினார், மதியம் முழுக்க வேலை செய்தார், இறங்கிக் கைகழுவினார். அன்ரியும் எதுவும் பேசாமல் தேநீரும் மீன் கட்லட்டும் மேசையில் வைத்தார். மகன் உட்கார்ந்து சாப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன், எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல். கடைசியில் அவர் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்பா சுகமாய் இருந்திருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டுதானே போயிருப்பீங்கள் அம்மா?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். அதைக் கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது. அன்ரி சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் கொஞ்ச நேரம் நேர்மையாக யோசித்தார்.

"இல்லைத் தம்பி" என்றார். "அவரை வீட்டில விட்டிட்டுத்தான் போயிருப்பன். அவருக்குக் குளிர் சரிவராது. எங்கட குழம்பு இல்லாமல் சரிவராது. சப்போரோ மணிக்கூண்டைப் பாத்திட்டு ரயில் ஏற முந்தியே வீட்டை போவம் எண்டு நிப்பார். நான் ஒரு கப்பலும் பாத்திருக்க மாட்டன்."

மகன் நிமிர்ந்து அம்மாவையே பார்த்தார். அவருடைய வாயோரம் மெல்ல நெளிந்தது. பிறகு, அங்கிள் இறந்ததற்குப் பிறகு முதல்முறையாக அந்தக் குசினியில், அவர் சத்தமாகச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"ஓமோம்" என்றார். "மணிக்கூண்டடியிலயே துவங்கியிருப்பார்."